போகிறவர் எதை ஒப்படைத்துவிட்டுப் போகிறார்?



இன்றைய அரங்கம் எடுத்துக்கொண்டிருக்கும் தலைப்பு, காப்பிக்கடையில் பலரும் பேசுவது, மேடையில் பேசத் தயங்குவது. பொதுவாழ்வில் பல ஆண்டுகள் இருந்த ஒருவர், "இனி தொழிலையும் குடும்பத்தையும் கவனிக்கப் போகிறேன்" என்று அறிவித்துவிட்டுப் பதவியிலிருந்து விலகுகிறார். மறுநாளே ஊர் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. "மனுஷன் பாவம், எவ்வளவு நாள்தான் ஓடுவார்?" என்கிறது ஒரு பக்கம். "வேண்டியதைச் சேர்த்துக்கொண்டார், கிளம்பிவிட்டார்" என்கிறது மறு பக்கம். இரண்டு தீர்ப்புகளும் அவசரத்தில் எழுதப்பட்டவை. அந்த அவசரத்தில், கேட்க வேண்டிய கேள்வியை இரு தரப்பும் கேட்க மறந்துவிடுகின்றன. அந்தக் கேள்விக்கு இந்த உரையின் முடிவில் வரலாம். அதற்கு முன், நமக்குப் பழக்கமான ஓர் ஊரிலிருந்து தொடங்குவோம்.

புக்கிட் செந்தோசாவும் அதன் பிரதிநிதிகளும்

ரவாங்கைத் தாண்டி வடக்கே போகும்போது, வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது புக்கிட் செந்தோசா. பக்கத்திலேயே புக்கிட் பெருந்தோங். 1990களில் எழுந்த வீடமைப்புப் பகுதிகள் இவை. 1997-98 பொருளாதார நெருக்கடியில் பெரிதும் அடிபட்ட பகுதிகளும் இவைதான். சுற்றிலும் உள்ள தோட்டங்களிலிருந்து வெளியேறிய நம் குடும்பங்கள் பல இங்கே மலிவு வீடுகளில் குடியேறின. அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அல்லது செம்பனைக் குலை அறுத்தவர். மகன் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். பேரப்பிள்ளைக்குத் தோட்டம் என்பது தாத்தா சொல்லும் கதை.

தோட்டத்தில் இருந்தபோது தண்ணீர் வராவிட்டால் கிராணியிடம் போய்ச் சொல்லலாம். கோவில் திருவிழாவுக்கு மானேஜரிடம் கேட்கலாம். உடம்புக்கு முடியாவிட்டால் தோட்டத்து டிரஸ்ஸர் இருந்தார். அந்த ஏற்பாட்டில் அடிமைத்தனம் இருந்தது, உண்மை. ஆனால் யாரிடம் போய்க் கேட்பது என்பது தெரிந்திருந்தது. தாமானுக்கு வந்த பிறகு அந்த ஏற்பாடு போய்விட்டது. அந்த வெற்றிடத்தில் வந்து நின்றவர்தான் உள்ளூர் அரசியல்வாதி. கட்சிக் கிளைத் தலைவர், கவுன்சிலர், இந்தியச் சமூகத் தலைவர், சட்டமன்ற உறுப்பினரின் உதவியாளர் என்று அவருக்குப் பல பெயர்கள். வேலை மட்டும் ஒன்றுதான்: யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாதவர்களுக்காகப் போய்க் கேட்பது.

புக்கிட் செந்தோசா அடங்கிய உலு சிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதியின் வரலாறே இதற்கு ஒரு பாடம். 1990 முதல் இத்தொகுதியின் உறுப்பினராக இருந்தவர் ம.இ.கா.வின் ஜி. பழனிவேல். 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் அவர் 198 வாக்குகளில் தோற்றார். வெற்றி பெற்ற பி.கே.ஆர். கட்சியின் டத்தோ டாக்டர் ஸைனல் அபிடின் அகமட் 2010 மார்ச்சில் நோயால் காலமானார். 2010 ஏப்ரல் 25 இடைத்தேர்தலில் ம.இ.கா.வின் பி. கமலநாதன் 1,725 வாக்குப் பெரும்பான்மையில் வென்றார். 2013இல் தொகுதியைத் தக்கவைத்துக்கொண்டு கல்வித் துணையமைச்சராகவும் பணியாற்றினார். 2018இல் தொகுதி மறுபடியும் பி.கே.ஆர். வசமானது. 2022இல் பெரிக்காத்தான் நேஷனல் கைப்பற்றியது.

பதினான்கு ஆண்டுகளில் இத்தனை முகங்கள், இத்தனை கொடிகள். இதே காலத்தில் மாறாமல் கிடந்தது எது தெரியுமா? வீட்டுக்காகக் காத்திருந்த தோட்ட மக்களின் கோப்பு. நைஜல் கார்டனர், புக்கிட் தாகார், மேரி, மின்யாக், சுங்கை திங்கி ஆகிய ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள், இருநூறுக்கும் மேற்பட்டவை, சொந்த வீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் மனு கொடுத்தார்கள், கூட்டம் கூடினார்கள், மறுபடியும் மனு கொடுத்தார்கள். 2024 மே 11ஆம் நாள் கோல குபு பாரு சட்டமன்ற இடைத்தேர்தல் வந்தபோது, அந்த விவகாரம் மீண்டும் நாடு முழுவதும் பேசப்பட்டது. அந்த இடைத்தேர்தலும், 2013 முதல் அங்கே உறுப்பினராக இருந்த ஜ.செ.க.வின் லீ கீ ஹியோங் பதவியில் இருந்தபோதே காலமானதால் வந்ததுதான்.

தோல்வியால் இருவர் போனார்கள், மரணத்தால் இருவர் போனார்கள். ஒவ்வொரு முறை ஒருவர் போகும்போதும், காத்திருந்த குடும்பங்கள் தங்கள் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. நம் தலைப்பின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

பதவிக்குப் பின்னால் ஒரு வீடு

இனி, தாமாக விலகுபவரைப் பார்ப்போம். இந்தப் பகுதியில் உள்ளூர் அரசியலில் இருக்கும் ஒருவருடைய சராசரி நாளை எண்ணிப் பாருங்கள்.

காலை ஆறு மணிக்குத் தொலைபேசி அடிக்கிறது. யாரோ ஒருவர் வீட்டில் துக்கம். பிண வண்டிக்கு ஏற்பாடு வேண்டும். எட்டு மணிக்குத் தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்து ஆட்கள் காத்திருக்கிறார்கள். பத்து மணிக்கு, பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையைப் பதிவு இலாகாவுக்கு அழைத்துப் போக வேண்டும். மதியம் கடைக்கோ லோரி கொட்டகைக்கோ எட்டிப் பார்த்தால், சம்பளம் எப்போது வரும் என்று வேலையாட்கள் கேட்கிறார்கள். மாலையில் போலீஸ் நிலையம், இரவில் கோவில் கூட்டம். வீடு திரும்பும்போது பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். மறுநாளும் அதே கதை.

அவர் வீட்டில் இல்லாதபோது வாசலில் நிற்பவர் யார்? "அண்ணி, அண்ணன் இருக்காரா?" என்று கேட்டு வருபவர்களை உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, அடையாள அட்டை நகலை வாங்கி, தொலைபேசி எண்ணைக் குறித்து வைப்பவர் அவருடைய மனைவி. அவருக்குப் பதவி இல்லை, அலவன்ஸ் இல்லை, மாலை இல்லை. தேர்தல் நேரத்தில் கணவர்மீது வீசப்படும் சேற்றில் பாதி அவர்மீதும் விழுகிறது. ஊருக்கெல்லாம் கூரை வேய்ந்தவரின் சொந்தக் கூரை ஒழுகுவதை முதலில் பார்ப்பவரும் அவர்தான்.

இதில் இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு. நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல்கள் 1965ஆம் ஆண்டில் நிறுத்திவைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அந்த வாசலை அடைத்தேவிட்டது. அன்று முதல் கவுன்சிலர்களை மாநில அரசாங்கமே நியமிக்கிறது. ஒரு மன்றத்தில் 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும்; ஒரு நியமனம் 3 ஆண்டுக்கு மேற்படக் கூடாது என்பது சட்டம். 2021இல் நகராண்மைக் கழகமாகத் தரம் உயர்ந்த உலு சிலாங்கூர் மன்றத்துக்கும் இதே விதிதான். நாடாளுமன்ற உறுப்பினராக 36 மாதங்கள் இருந்தவருக்கு ஓய்வூதியத் தகுதி உண்டு. கவுன்சிலருக்கு அப்படியொரு பாதுகாப்பு இல்லை. அவருக்குச் சோறு போடுவது சொந்தத் தொழில்தான். மக்கள் சேவைக்கான பெட்ரோல் காசு, துக்க வீட்டுக்குக் கொடுக்கும் நூறு வெள்ளி, பள்ளி விளையாட்டுப் போட்டிக்குக் கொடுக்கும் கோப்பை, எல்லாம் பெரும்பாலும் அந்தத் தொழிலிலிருந்தே வருகின்றன. தொழில் நொடித்தால் சேவையும் நொடிக்கும்.

ஆகவே ஒருவர், "தொழிலைக் கவனிக்க வேண்டும், பிள்ளைகளோடு இருக்க வேண்டும்" என்று சொல்லும்போது, அது பொய் என்று எடுத்த எடுப்பிலேயே முடிவு கட்டுவது அநியாயம்.

புக்கிட் செலாம்பாவ் சொல்லும் பாடம்

நம் நாட்டில் குடும்பத்தின் பெயரால் நடந்த பதவி விலகல்களில் பெரிதும் பேசப்பட்ட ஒன்று, கெடாவில் நடந்தது. 2008 பொதுத்தேர்தலில் புக்கிட் செலாம்பாவ் சட்டமன்றத் தொகுதியில் சுயேச்சையாக நின்று வென்றவர் வி. ஆறுமுகம். அதன்பின் பி.கே.ஆர். கட்சியில் சேர்ந்து, கெடா மாநில ஆட்சிக்குழு உறுப்பினராகவும் ஆனார். தோட்டப்புறத் தமிழர்கள் நிறைந்த அந்தத் தொகுதிக்கு அது பெரிய கௌரவம். ஓராண்டு முடிவதற்குள், 2009 பிப்ரவரியில், அவர் இரு பொறுப்புகளையும் விட்டு விலகினார். தம்மீதும் குடும்பத்தின்மீதும் வந்த நெருக்கடியே அப்போது பேசப்பட்ட காரணம். அந்தக் காரணத்தை நம்பியவர்களும் இருந்தார்கள், நம்பாதவர்களும் இருந்தார்கள்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். 2009 ஏப்ரல் 7ஆம் நாள் இடைத்தேர்தல். ஒரே ஒரு சட்டமன்ற நாற்காலிக்கு 15 வேட்பாளர்கள்! அவர்களில் 13 பேர் சுயேச்சைகள். இறுதியில் பி.கே.ஆர். கட்சியின் எஸ். மணிகுமார், தேசிய முன்னணியின் எஸ். கணேசனை 2,403 வாக்குப் பெரும்பான்மையில் வென்றார்.

ஒருவர் விட்டுப்போன நாற்காலிக்குப் பதினைந்து பேர் போட்டியிட்டார்கள். ஆனால் அவர் விட்டுப்போன வேலைகளை எடுத்துச் செய்ய எத்தனை பேர் போட்டியிட்டிருப்பார்கள்? நாற்காலிக்கு எப்போதும் ஆள் உண்டு. பாதியில் நிற்கும் விண்ணப்பத்துக்குத்தான் ஆள் இல்லை. மாநிலத் தலைநகரில் பதவி கைமாறிவிடும். தோட்டத்து லயத்தில் இருக்கும் பாட்டியின் உதவித்தொகை விண்ணப்பம் எந்த மேசையில் இருக்கிறது என்பது மட்டும் போனவருக்குத்தான் தெரியும்.

எல்லா விலகலும் குடும்பத்துக்காக நடப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2014 ஜனவரியில் நம் சிலாங்கூரிலேயே காஜாங் சட்டமன்ற உறுப்பினர் லீ சின் சே விலகியது, கட்சித் தலைமைக்கு வழிவிடுவதற்காக. அது அரசியல் கணக்கு. அதை அரசியல் கணக்கு என்றே மக்கள் எடை போட்டார்கள். "குடும்பம்" என்ற சொல் அப்படி எடை போட முடியாத சொல். யாரும் எதிர்க்கேள்வி கேட்க முடியாது. அதனால்தான் சிலர் அதைத் திரையாகவும் பயன்படுத்துகிறார்கள். வேட்பாளர் பட்டியலில் பெயர் இல்லை என்று தெரிந்த மறுநாள் குடும்பம் நினைவுக்கு வருகிறது. மறுநியமனக் கடிதம் வராதபோது வியாபாரம் நினைவுக்கு வருகிறது. உண்மையான காரணத்தோடு போகிறவருக்கும் இதனால் கெட்ட பெயர்.

கடல் கடந்து ஒரு பார்வை

இந்தத் தவிப்பு நமக்கு மட்டும் உரியதா? இல்லை. கனடாவைப் பாருங்கள். அங்கே புத்தாக்க, அறிவியல், தொழில்துறை அமைச்சராக இருந்தவர் நவ்தீப் பெயின்ஸ், சீக்கியக் குடும்பத்தில் வந்தவர். 2021 ஜனவரி 12ஆம் நாள் அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். அடுத்த தேர்தலிலும் நிற்கவில்லை. பள்ளியில் படிக்கும் தம் இரு பெண் பிள்ளைகளுக்கும் குடும்பத்துக்கும் நேரம் கொடுக்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். பலரும் அதை மதித்தார்கள். அதன்பின் அவர் ஒரு பெரிய வங்கியில் உயர் பொறுப்பேற்றார். 2023இல் ரோஜர்ஸ் என்னும் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் சேர்ந்தபோது விமர்சனம் எழுந்தது. அவர் அமைச்சராக இருந்த துறைக்குள்தான் தொலைத்தொடர்பும் இருந்தது.

கனடாவில் இதற்கென்று சட்டம் இருக்கிறது. முன்னாள் அமைச்சர், பதவி விலகியபின் 2 ஆண்டுகளுக்கு, தாம் அதிகாரப்பூர்வமாக நேரடித் தொடர்பு வைத்திருந்த நிறுவனங்களில் வேலைக்குச் சேரக் கட்டுப்பாடு உண்டு. அரசாங்கத்திடம் ஒரு நிறுவனத்துக்காகப் பரிந்து பேசும் தொழிலில் 5 ஆண்டுகளுக்கு இறங்க முடியாது. குடும்பத்துக்காகப் போவதை யாரும் தடுக்கவில்லை. போன பிறகு பழைய நாற்காலியின் செல்வாக்கை விற்காமல் பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

அதே கனடாவில் இன்னொரு கதை, நமக்கு நெருக்கமானது. தமிழ்நாட்டைச் சேர்ந்த தந்தைக்குப் பிறந்தவர் அனிதா ஆனந்த். சட்டப் பேராசிரியராக இருந்து 2019இல் நாடாளுமன்றத்துக்கு வந்தவர். 2025 ஜனவரி 11ஆம் நாள், இனி தேர்தலில் நிற்கப்போவதில்லை, கல்வித்துறைக்கே திரும்புகிறேன் என்று அறிவித்தார். அப்போது அமெரிக்காவின் வரி மிரட்டல் கனடாவை உலுக்கிக்கொண்டிருந்தது. மார்ச் 1ஆம் நாள் தம் முடிவை மாற்றிக்கொண்டார். ஏப்ரல் தேர்தலில் வென்று, மே மாதம் வெளியுறவு அமைச்சராகப் பொறுப்பேற்றார்.

போவதாகச் சொன்னவர் நின்றார், அதுவும் நியாயமே. போவதாகச் சொன்னவர் போனார், அதுவும் நியாயமே. இருவரும் ஒன்றைச் சரியாகச் செய்தார்கள்: முன்கூட்டியே பகிரங்கமாகச் சொன்னார்கள். தொகுதி மக்கள் பத்திரிகையில் படித்துத் திடுக்கிடவில்லை, கட்சிக்கு வேறொருவரைத் தயார் செய்ய அவகாசம் இருந்தது.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்

தொழிலுக்காகப் போகிறேன் என்று சொல்பவரை நம் ஊர்க்காரர்கள் குடும்பத்துக்காகப் போகிறவரைவிடச் சற்று தாழ்வாகவே பார்க்கிறார்கள். பணத்தாசை என்கிறார்கள். சற்று நிதானித்து யோசிக்க வேண்டும்.

தொழிலும் பதவியும் ஒரே கையில் இருக்கும்போதுதான் ஆபத்து அதிகம். குத்தகைத் தொழில் செய்பவர் மன்றத்தில் கவுன்சிலராகவும் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்வாய் சீரமைப்புக் குத்தகை மன்றத்துக்கு வருகிறது. அவருடைய மைத்துனரின் நிறுவனமும் விலை கொடுக்கிறது. அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்தாலும் ஊர் சும்மா இருக்குமா? 2009ஆம் ஆண்டு மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 23ஆவது பிரிவு இதைத்தான் குறிவைக்கிறது. பொது அமைப்பில் பொறுப்பில் இருப்பவர், தாமோ உறவினரோ கூட்டாளியோ நலன் கொண்டுள்ள விவகாரத்தில் முடிவெடுத்தாலோ நடவடிக்கையில் இறங்கினாலோ, எதிர் ஆதாரம் காட்டப்படும்வரை, பதவியைப் பயன்படுத்திப் பலன் தேடினார் என்றே சட்டம் கொள்ளும்.

அப்படியிருக்க, "எனக்குத் தொழில் முக்கியம், ஆகவே பதவி வேண்டாம்" என்று ஒருவர் வெளிப்படையாகச் சொன்னால், அது நேர்மையான முடிவு. பதவியை வைத்துக்கொண்டு தொழிலை வளர்த்தவரைவிட, தொழிலுக்காகப் பதவியை விட்டவர் மேலானவர். ஒரே ஒரு நிபந்தனை: விட்டுப்போன மன்றத்தின் வாசலில் மறுமாதமே குத்தகைக் கேட்புத் தாளோடு வந்து நிற்கக் கூடாது. நம் ஊராட்சி மட்டத்தில் கனடாவைப் போன்ற காத்திருப்புக் காலம் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. சட்டம் வரும்வரை மனசாட்சியே சட்டமாக இருக்கட்டும்.

எல்லோரும் காமராசர் ஆக முடியாது

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் காமராசரை இழுப்பார். "அவர் குடும்பமா பார்த்தார்? சொத்தா சேர்த்தார்?" என்று கேட்பார். உண்மைதான். 1963 அக்டோபரில் காமராசரும் முதலமைச்சர் பதவியை விட்டு விலகினார். கட்சிப் பணிக்காக விலகினார். திருமணம் செய்துகொள்ளாதவர், 1975இல் மறைந்தபோது சொத்து என்று சொல்லிக்கொள்ள எதையும் வைத்திருக்கவில்லை.

காமராசரைப் போற்றுவோம். ஆனால் புக்கிட் செந்தோசாவில் மூன்று பிள்ளைகளை வளர்க்கும், இரண்டு லோரிகளுக்குத் தவணை கட்டும் ஒருவரை அவரோடு ஒப்பிட்டு அடிப்பது நியாயமா? குடும்பம் இல்லாதவர்களும் பணம் படைத்தவர்களும் மட்டுமே பொதுவாழ்வுக்கு வரலாம் என்றால், சாதாரணத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை எப்போது வருவது? குழந்தை வளர்க்கும் பெண்கள் எப்போது வருவது? பொதுவாழ்வு என்பது சில ஆண்டுகள் வந்து உழைத்துவிட்டு, கௌரவமாகத் திரும்பிப் போகக்கூடிய இடமாக இருந்தால்தான் நல்லவர்கள் துணிந்து உள்ளே வருவார்கள். வெளியே போகும் வாசல் அவமானமாக இருந்தால், உள்ளே வந்தவர்கள் நாற்காலியை விடவே மாட்டார்கள். அப்படி விடாமல் பிடித்துக்கொண்டவர்களால் நம் சமுதாய இயக்கங்கள் பட்ட பாடு யாருக்கும் தெரியாததில்லை.

நம் நாட்டுச் சட்டமே நெடுங்காலம் இதில் கடுமை காட்டியது. பதவி விலகிய நாடாளுமன்ற உறுப்பினர் 5 ஆண்டுகளுக்கு மீண்டும் போட்டியிட முடியாது என்றிருந்தது. கட்சித் தாவலைத் தடுக்க 2022இல் அரசியலமைப்பைத் திருத்தியபோதுதான் அந்தத் தடையும் நீக்கப்பட்டது. சட்டம் மனம் மாறிவிட்டது. ஊர் இன்னும் மாறவில்லை.

ஒப்படைப்பு என்றொரு கடமை

இப்போது, தொடக்கத்தில் தள்ளிவைத்த கேள்விக்கு வருவோம். விலகுகிறவரிடம் "ஏன் போகிறீர்கள்?" என்று கேட்பதைவிட, "எதை, யாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறீர்கள்?" என்று கேட்க வேண்டும்.

கடையில் வேலை பார்க்கும் காசாளர் விலகும்போது கல்லாவை எண்ணி ஒப்படைக்கிறார். தோட்டத்துக் கிராணி மாற்றலாகிப் போகும்போது செக்ரோல் புத்தகத்தை ஒப்படைத்தார். நூற்றுக்கணக்கான குடும்பங்களின் நம்பிக்கையைக் கையில் வைத்திருப்பவர் மட்டும் வெறுங்கையோடு, ஒரு நன்றி விருந்தோடு போய்விடலாமா?

ஒப்படைப்பு என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். யார் விண்ணப்பம், எந்த இலாகா, எந்தத் தேதியில் கொடுத்தது, விண்ணப்ப எண் என்ன, கடைசியாக யார் என்ன சொன்னார்கள். குடியுரிமைச் சிக்கல் உள்ள பிள்ளைகளின் பட்டியல் தனி. சமூகநல உதவித்தொகை தனி. வீட்டு மனுக்கள் தனி. கோவில் நிலம், மயானம், தமிழ்ப்பள்ளி தொடர்பான கடிதங்களின் நகல்கள் தனிக் கோப்பில். அடுத்து வருகிறவர் வேறு கட்சிக்காரராக இருந்தாலும் அவரிடம் அந்தப் புத்தகம் போய்ச் சேர வேண்டும். பாட்டியின் உதவித்தொகைக்குக் கட்சி நிறம் கிடையாது.

இரண்டாவது, மக்களிடம் நேரில் சொல்ல வேண்டும். கோவில் மண்டபத்தில் ஒரு மாலைப்பொழுது போதும். "இன்ன தேதியோடு பொறுப்பிலிருந்து விலகுகிறேன். இவைகளை முடித்தேன். இவை முடியவில்லை. இனி இவரைப் பாருங்கள்." இந்த நான்கு வாக்கியங்களைச் சொல்லிவிட்டுப் போகிறவரை எந்த ஊரும் பழிக்காது.

மூன்றாவது, தொலைபேசி எண். நம் ஊர்களில் சேவை முழுவதும் ஒருவருடைய கைத்தொலைபேசியில் இருக்கிறது. அவர் எண்ணை மாற்றிவிட்டால் ஊருக்கே வாசல் அடைத்துவிடுகிறது. சேவை மையத்துக்கென்று ஓர் எண், ஒரு மேசை, ஒரு பதிவேடு இருந்தால், ஆள் மாறினாலும் வேலை நிற்காது.

ஊருக்கும் ஒரு பங்கு உண்டு

எல்லாப் பொறுப்பையும் போகிறவர் தலையில் கட்டிவிட்டு நாம் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட முடியாது. ஒரு மனிதரை இருபத்து நான்கு மணி நேரமும் கூப்பிட்டு, அவருடைய வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நம் பாரத்தை இறக்கிவைத்து, அவரைக் களைப்படைய வைத்ததில் ஊருக்கும் பங்கு இருக்கிறது. பிள்ளைக்கு அடையாள அட்டை எடுக்க வேண்டிய வயதில் எடுக்காமல் விட்டுவிட்டு, பிறகு, "கவுன்சிலர் பார்த்துக்கொள்வார்" என்று இருப்பது சரியா? விண்ணப்ப பாரத்தின் ஒரு நகலைக்கூட நம் வீட்டில் வைத்துக்கொள்ளாமல், எல்லாவற்றையும் அவரிடமே கொடுத்துவிட்டு வருவது சரியா?

ஒவ்வொரு தாமானிலும் படித்த இளைஞர்கள் இருக்கிறார்கள். நாலு பேர் சேர்ந்து வாரம் ஒரு நாள் கோவில் மண்டபத்தில் உட்கார்ந்தால், பாரம் பூர்த்தி செய்வது, கடிதம் எழுதுவது, இணையத்தில் பதிவது ஆகியவற்றுக்கு எந்த அரசியல்வாதியும் தேவையில்லை. இலாகா அசையாதபோது மட்டும் பிரதிநிதியிடம் போகலாம். அப்போது அவரும் தம் பிள்ளையின் பள்ளி விழாவுக்குப் போக நேரம் கிடைக்கும். தொழிலைக் கவனிக்க நேரம் கிடைக்கும். ஒருவேளை, விலக வேண்டிய தேவையே வராமல் போகலாம்.

அப்படியும் விலகினால், நல்லபடியாக வழியனுப்புவோம். மாலை போடுவதற்கு முன் அந்த நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்குவோம். மாலை போடும்போது, இத்தனை ஆண்டுகள் வாசலில் நின்று பெயர் குறித்துக்கொண்ட அவருடைய துணைவியாரையும் மேடைக்கு அழைத்து, அவருக்கும் ஒரு மாலை போடுவோம்.